பெயர் மாறிய அணிகள்: மலாக்கா ரசிகர்களின் நினைவும் நியாயமும்

1983-இல் மலேசியக் காற்பந்து லீக் பட்டத்தை வென்றது மலாக்கா. 2016-இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கை வென்று உச்ச நிலையான சூப்பர் லீக்குக்குப் போனது மலாக்கா யுனைடெட். 2025–26 பருவத்தில் சூப்பர் லீக்கில் ஆட வந்தது மலாக்கா எஃப்சி. இந்த மூன்றும் ஒரே அணிதானா?

சட்டப்படி பார்த்தால் இவை வெவ்வேறு அமைப்புகள். கடன் கணக்கும் உரிமமும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாமாகப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் டுரியான் துங்கலிலோ மெர்லிமாவிலோ இருக்கும் ஒரு பழைய ரசிகரிடம் கேட்டால், "நம்ம மலாக்காதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சட்டம் பிரித்து வைத்ததை ரசிகர் ஒன்றாக வைத்திருக்கிறார். அணிகளின் பெயரும் சின்னமும் மாறுவதைப் பற்றிய வழக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து, இங்கிலாந்துக் காற்பந்து, இந்தியக் காற்பந்து, இலங்கை கிரிக்கெட் என்று பல திடல்களில் இந்த வழக்கு நடந்திருக்கிறது. மலேசியாவில் இது மிகக் கூர்மையாகத் தெரிவது காற்பந்தில். இந்தியர் சங்கத்தின் பெயரோடு வளர்ந்த ஓர் அணி, உயரே போனபோது அந்தப் பெயரை விட்டுச் சென்றதால் நமக்கு இதில் தனிப்பட்ட பங்கும் உண்டு. ரசிகர்கள் எந்த மாற்றத்தை ஏற்கிறார்கள், எதை எதிர்க்கிறார்கள், அந்த எதிர்ப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் ஏன் மாறுகிறது?

காரணங்களை ஐந்தாகப் பிரிக்கலாம். ஒன்று, உரிமையாளர் மாறுவது. இரண்டு, விளம்பரதாரர் தம் பெயரையும் சேர்க்கச் சொல்வது. மூன்று, அணி ஊர் விட்டு ஊர் போவது. நான்கு, விதிமுறை மாறுவது. ஐந்து, பழைய அமைப்பு கடனில் மூழ்கி, புதிய அமைப்பு அந்த இடத்துக்கு வருவது.

மலேசியாவில் கடைசி இரண்டுக்கும்தான் பெரும் பங்கு. பல பத்தாண்டுகளாக மாநிலக் காற்பந்துச் சங்கங்களே அணிகளை நடத்தின. சங்கத்தின் தலைவராக அரசியல் தலைவரோ அரச குடும்பத்தவரோ இருப்பார். மாநில அரசின் பணம் வரும். இந்த ஏற்பாடு தொழில்முறைக் காற்பந்துக்குப் பொருந்தாது என்று சொல்லி, அணிகள் சங்கத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனங்களாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெயர்கள் வரிசையாக மாறின. சிலாங்கூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான் முதலியவை பெயரின் பின்னே எஃப்சி சேர்த்துக்கொண்டன. கெடா 'கெடா டாருல் அமான் எஃப்சி' ஆனது. பகாங் 'ஸ்ரீ பகாங் எஃப்சி' ஆனது. கோலாலம்பூர் 'கோலாலம்பூர் சிட்டி எஃப்சி' ஆனது.

இவ்வளவு பெயர்கள் ஒரே காலத்தில் மாறியும் பெரிய கலகம் ஏதும் எழவில்லை. காரணம் எளிது. மாநிலத்தின் பெயர் அப்படியே இருந்தது. நிறமும் பெரும்பாலும் மாறவில்லை. பெயரின் வால்பகுதி மட்டும் மாறுவதை ரசிகர்கள் அலுவலகச் சமாசாரமாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வில் கிடைக்கும் முதல் பாடம் இது: ஊரின் பெயருக்கு ஆபத்து இல்லாதவரை ரசிகர் பொறுமையானவர்.

போட்டியின் பெயரே மாறிய வரலாறும் இங்கே உண்டு. எச்எம்எஸ் மலாயா போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்துக்காக 1921-இல் தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டி, 1967 முதல் மலேசியக் கிண்ணம் ஆனது. நாட்டின் பெயர் மாறியபோது கிண்ணத்தின் பெயரும் மாறியது. பழைய வெற்றிகள் அழியவில்லை. தாத்தா பார்த்த கிண்ணமும் பேரன் பார்க்கும் கிண்ணமும் ஒன்றே என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

மலாக்கா: பெயர் இருந்தும் இல்லாமல் போன காலம்

குருபோங்கில், சன்னாசிமலை ஆண்டவர் கோயில் இருக்கும் செங் வட்டாரத்துக்கு அருகில், ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய ஹங் ஜெபாட் அரங்கம் நிற்கிறது. அங்கே ஆடிய மலாக்கா யுனைடெட் 2015-இல் மூன்றாம் நிலையான எஃப்ஏஎம் லீக்கை வென்றது. அடுத்த ஆண்டே பிரிமியர் லீக்கையும் வென்றது. 2017-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. அடுத்தடுத்து இரண்டு படி ஏறிய அந்தக் காலம் மலாக்காக்காரர்களுக்குப் பெருமைக்குரிய காலம். யுனைடெட் என்பது பழைய சங்கத்துக்கு இல்லாத புதுப்பெயர். ஆனாலும் அணி வென்றதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மாநிலச் சின்னத்தில் இருக்கும் சருகுமானும் அணியின் அடையாளமாகத் தொடர்ந்தது.

பிறகு பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆட்டக்காரர்களின் ஊதியம் நிலுவையில் நின்றது. அதற்காக அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் மலாக்கா யுனைடெட் சூப்பர் லீக்கிலிருந்து வெளியேறியது. அதே நேரத்தில் சரவாக் யுனைடெட்டும் வெளியேறியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாக விலகியது. 2023-இல் சூப்பர் லீக் 14 அணிகளோடு நடந்தபோது மலாக்கா அதில் இல்லை.

அதன்பின் எழுந்ததுதான் மலாக்கா எஃப்சி. கீழ்மட்டத்தில் ஆடி, 2025–26 பருவத்தில் சூப்பர் லீக்குக்கு வந்தது. இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா ஒட்டுக்கடைகளில் நடக்கும் பேச்சில் இரண்டு குரல்கள் கேட்கின்றன.

ஒரு குரல் வரவேற்கிறது. யுனைடெட் என்ற சொல்லைக் கேட்டாலே சம்பளப் பாக்கிதான் நினைவுக்கு வருகிறது, புதுப்பெயரோடு புதுக்கணக்கைத் தொடங்கட்டும் என்பது அதன் வாதம். மாநிலத்துக்கு ஓர் அணி வேண்டும். அது எந்தப் பதிவெண்ணில் வந்தால் என்ன என்று அது கேட்கிறது.

மற்றக் குரல் தயங்குகிறது. பெயரை மாற்றியதால் பழைய கடன் தீர்ந்துவிட்டதா என்று அது கேட்கிறது. ஆட்டக்காரர் ஒருவருக்கு வரவேண்டிய சம்பளம் வராமல் இருக்கும்போது, அதே மாநிலத்தின் பெயரில், அதே அரங்கில், இன்னோர் அணி கொடி கட்டி ஆடுவது சரியா? 1983-இன் பட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படும் உரிமை புதிய அணிக்கு இருக்கிறது என்றால், 2022-இன் பாக்கியைச் சொல்லி வெட்கப்படும் கடமையும் அதற்கு உண்டல்லவா?

நான் இரண்டாவது குரலின் பக்கம் நிற்கிறேன். தோட்டத்துச் சமூகத்துக்குச் சம்பளப் பாக்கி என்பது ஏட்டுச் செய்தியல்ல. முதலாளி மாறும்போது பழைய வேலைநாட்களுக்கான பணம் என்னவாகும் என்ற அச்சத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடம் உண்டு. மலாக்கா எஃப்சி தனி அமைப்பு; பழைய கழகத்தின் கடனைச் சட்டப்படி அதன் தலையில் கட்ட முடியாது. ஆனால் மாநிலத்தின் பெயரைப் பயன்படுத்த இடம் கொடுப்பவர்கள், அந்தப் பெயரில் முன்பு ஆடியவர்களின் பாக்கி என்ன ஆனது என்பதைப் பொதுமக்களுக்குச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும்.

மிஃபா: சமூகத்தின் பெயரும் நகரத்தின் பெயரும்

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 'மிஃபா' என்ற பெயரில் அறியப்பட்டது. எஃப்ஏஎம் லீக்கிலிருந்து உயர்ந்து 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2018 பருவத்தின் முடிவில் சூப்பர் லீக்குக்குத் தகுதி பெற்றது. மாநிலச் சங்கங்களும் அரசு நிறுவனங்களும் ஆதிக்கம் செலுத்திய களத்தில், நம் சமூகத்தின் சங்கத்திலிருந்து புறப்பட்ட ஓர் அணி நாட்டின் உச்ச லீக்கை எட்டியது பெரிய செய்தி.

அந்த உச்சத்தில்தான் பெயர் மாறியது. 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியபோது அணி 'பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி' ஆகியிருந்தது. நம்மவரிடையே இதைப் பற்றி எழுந்த கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

முதல் கருத்து: மாற்றம் தேவையானது. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கு எல்லா இனத்து ரசிகரும் வரமாட்டார்கள், விளம்பரதாரர் தயங்குவார், தொழில்முறை லீக்கில் ஊரின் பெயரே நிலைக்கும். இந்த அணியில் நம் இளைஞர்களோடு மற்றவர்களும் ஆடினார்கள். ஆகவே பெயரும் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும்.

இரண்டாம் கருத்து: மாற்றம் இழப்பு. மலாக்காவிலோ கெடாவிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பையனுக்கு மிஃபா தன் அணி. ஊர் எதுவானாலும் அந்தப் பெயரில் அவனுக்கு இடம் இருந்தது. பெட்டாலிங் ஜெயா என்றதும் அது வேறு ஊரின் அணி ஆகிவிட்டது. அந்த நகரத்துக்காரர்களோ ஏற்கெனவே சிலாங்கூரின் ரசிகர்கள். பழைய ரசிகரை விட்டு வந்த இடத்தில் புதிய ரசிகரும் காத்திருக்கவில்லை.

மூன்றாம் கருத்து: பெயர் எதுவானாலும் வேலை தொடர்ந்தால் போதும். 2021-இல் அந்த அணி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் கொண்டு, பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ் சூப்பர் லீக்கில் ஆடியது. மற்ற அணிகள் வெளிநாட்டவரை நம்பியிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. நம் பிள்ளைகளுக்கு ஆட இடம் கிடைத்தது. அதைவிட ஒரு பெயர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்பது இவர்கள் கேள்வி.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 2022 பருவத்தோடு அணி லீக்கிலிருந்து விலகியபோது வெளிப்பட்டது இரண்டாம் கருத்தின் பலம்தான். நகரத்தின் பெயர் தாங்கிய அந்த அணி போனபோது அந்த நகரம் தெருவில் இறங்கவில்லை. சமூகமும் தன் அணி போய்விட்டதாக முழுமையாக உணரவில்லை, ஏனெனில் பெயர் முன்பே கைமாறியிருந்தது. அணி விலகியதற்குப் பெயர் காரணமல்ல. பணமும் லீக்கின் நிலையும்தான் காரணம் என்று சொல்லலாம். ஆனால் ஓர் அணி தள்ளாடும்போது அதைத் தாங்கிப் பிடிக்கும் கூட்டம் பெயரால்தான் சேர்கிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்க்க மூன்று நான்கு ஆண்டு போதாது.

அண்டை மாநிலங்கள் சொல்வது

மலாக்காவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் ஜொகூர். 2013-இல் ஜொகூர் எஃப்சி, 'ஜொகூர் டாருல் தாசிம்' ஆனது. மாநிலத்தின் பழைய சிறப்புப் பெயரை அணிக்குச் சூட்டி, தென்னகப் புலிகள் என்ற அடையாளத்தையும் வளர்த்தார்கள். 2014 முதல் ஆண்டு தவறாமல் சூப்பர் லீக் பட்டம் அவர்களிடம். 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தையும் வென்றார்கள். இன்று 'ஜேடிடி' என்ற மூன்றெழுத்தைத் தெரியாத பிள்ளை நம் தமிழ்ப்பள்ளிகளில் இருக்காது. ஆசாகான், சுங்கை ரம்பாய் போன்ற எல்லையோர இடங்களில் ஜேடிடி சட்டை போட்ட இளைஞர்களைப் பார்க்கலாம். வெற்றி வந்தால் எந்தப் பெயரும் நிலைக்கும் என்போருக்கு ஜேடிடிதான் முதல் சான்று.

கோலாலம்பூர் இன்னொரு சான்று. 1987, 1988, 1989 என மூன்று ஆண்டு தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்ற நகரம், அதன்பின் முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. 'சிட்டி' என்ற புதுப்பெயரோடு 2021 இறுதி ஆட்டத்தில் அதே ஜேடிடியை 2–0 என்று வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. புதுப்பெயர் மீது இருந்த தயக்கம் அந்த ஓர் இரவில் கரைந்தது.

ஆனால் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். ஸ்ரீ பகாங்கும் பேராக்கும் 2024–25 பருவத்துக்குப் பின் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. கெடா டாருல் அமானும் உரிமச் சிக்கலில் உச்ச லீக்கை இழந்தது. அழகான புதுப்பெயர் பண நெருக்கடியிலிருந்து எவரையும் காப்பாற்றவில்லை. ஜேடிடியை உயர்த்தியது பெயரா? ஒழுங்காக வந்த பணம், நல்ல பயிற்சித் தளம், இளையோர் அணிகள், 2020-இல் திறந்த புதிய அரங்கம் ஆகியவைதான். பெயர் அந்த வேலையின் மேல் ஒட்டிய அட்டை. அட்டையை மட்டும் பார்த்துப் படியெடுத்தவர்கள் ஏமாந்தார்கள்.

கிளந்தானில் வேறொன்று நடந்தது. கிளந்தானின் பழைய அணி சரிந்த பிறகு, ரியல் சுக்காய் என்ற கழகம் பெயர் மாறி 'கிளந்தான் தி ரியல் வாரியர்ஸ்' என்று 2025–26 சூப்பர் லீக்கில் ஆடியது. சுக்காய் இருப்பது திரெங்கானுவில். ஒரு பக்கம் அணியில்லாமல் தவித்த கிளந்தான் ரசிகர்களுக்கு அணி கிடைத்தது. மறுபக்கம் சுக்காய் என்ற ஊர்ப்பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. பெரிய மாநிலத்தின் ஏக்கத்தைத் தீர்க்கும்போது சிறிய ஊரின் பெயர் பலியாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிறிய ஊர்களில் வாழும் நாம் அதைக் கவனிக்க வேண்டும்.

வெளியுலகம் தரும் பாடங்கள்

ரசிகர் எதிர்ப்பின் மிகப் புகழ்பெற்ற கதையில் ஒரு மலேசியர் இருக்கிறார். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி கழகம் 2010 முதல் தொழிலதிபர் வின்சென்ட் தான் வசம் இருந்தது. நீலப்பறவைகள் என்று பெயரெடுத்த அணி அது. 2012-இல் அணியின் நீலச் சட்டை சிவப்பானது. சின்னத்தில் டிராகன் பெரிதானது, பறவை சிறிதானது. ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு. அடுத்த பருவத்திலேயே அணி 51 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் உச்ச லீக்குக்கு உயர்ந்தது. அப்படி வென்றும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2015 சனவரியில் நீலம் திரும்பியது.

வெற்றி வந்தால் ரசிகர் எதையும் ஏற்பார் என்ற வாதத்தைக் கார்டிஃப் உடைக்கிறது. மாற்றத்தை ஜேடிடி ரசிகர் ஏற்றது ஏன், கார்டிஃப் ரசிகர் ஏற்காதது ஏன்? ஜேடிடியின் புதுப்பெயர் ஜொகூர் மண்ணுக்குள்ளிருந்தே எடுத்தது. அதைக் கேட்ட ஜொகூர்க்காரர் தன்னைக் கண்டார். கார்டிஃபின் சிவப்பு வேறொருவருக்கு விற்பதற்காகப் போட்ட நிறம். தன் அணி தன்னை விட்டு வேறு யாரையோ பார்த்துப் பேசுகிறது என்று உணர்ந்த கணத்தில் ரசிகர் எதிரியானார்.

கல்கத்தாவின் மோகன் பகானும் அதையே சொல்கிறது. 1889-இல் தோன்றிய கழகம். 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைப் பெற்ற கழகம். 2020-இல் ஏடிகே கழகத்தோடு இணைந்து 'ஏடிகே மோகன் பகான்' ஆனபோது, முன்னால் ஒட்டிய மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023-இல் லீக் கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் அதை எடுப்பதாக அறிவித்தார். அந்த ஆண்டு சூன் முதல் அது 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்'. ஒரு விளம்பர வால் போய் இன்னொன்று வந்தது என்றாலும், பழைய பெயர் முன்னுக்கு வந்ததே ரசிகர் பெற்ற வெற்றி.

தமிழரின் இன்னோர் அணி யாழ்ப்பாணத்தில். 2020-இல் லங்கா பிரிமியர் லீக்கின் முதல் கோப்பையை 'யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ்' வென்றது. அடுத்த ஆண்டு லைக்கா குழுமத்தின் கைக்கு வந்து 'யாழ்ப்பாணம் கிங்ஸ்' ஆனது. 2021, 2022, 2024-ஆம் ஆண்டுகளில் மீண்டும் வென்றது. உலகெங்கும் சிதறிய ஈழத் தமிழர் மாற்றத்தை எளிதில் ஏற்றார்கள். அவர்கள் பற்றியிருந்தது ஸ்டாலியன்ஸ் என்ற குதிரையையோ கிங்ஸ் என்ற அரசரையோ அல்ல. அதற்கு முன்னே நின்ற ஊரின் பெயரை.

தமிழ்நாட்டில் 2016-இல் தொடங்கிய டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் நேர்மாறாக ஊரே மாறியது. தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடிக் காளை திருப்பூர்த் தமிழன்ஸ் ஆனது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. சில ஆண்டே ஆடிய அணிகளில் ரசிகரின் வேர் ஆழமாக இறங்கியிருக்கவில்லை. எதிர்ப்பு இல்லாததைச் சம்மதம் என்று எண்ணிவிடக்கூடாது. பற்று இல்லாததாலும் மௌனம் வரும்.

அமெரிக்கக் கூடைப்பந்து இரண்டு நல்ல முன்மாதிரிகளைத் தருகிறது. சியாட்டில் நகரத்தின் அணி 2008-இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது, சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயரும் நிறமும் சியாட்டிலுக்கே என்று உடன்பாடு செய்தார்கள். ஆட்டக்காரர்கள் போனாலும் பெயர் ஊரில் தங்கியது. சார்லட் நகரத்தின் ஹார்னெட்ஸ் அணி 2002-இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. சார்லட்டுக்கு 2004-இல் பாப்கேட்ஸ் என்ற புதிய அணி வந்தது; நகரத்தின் மனம் அதில் ஒட்டவில்லை. நியூ ஆர்லியன்ஸ் 2013-இல் பெலிகன்ஸ் ஆனதும், 2014-இல் சார்லட் தன் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

மாற்றமே தவறு என்போருக்கு வாஷிங்டன் பதில் சொல்கிறது. அதன் கூடைப்பந்து அணியின் பழைய பெயர் புல்லட்ஸ். துப்பாக்கி வன்முறை பெருகிய காலத்தில் அந்தப் பெயர் தகாது என்று உரிமையாளர் ஏப் போலின் முடிவெடுத்து, பொதுமக்களிடம் பெயர் கேட்டு, 1997-இல் விசர்ட்ஸ் என்று மாற்றினார். புதுப்பெயரைப் பிடிக்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் காரணம் விற்பனையல்ல, மனச்சான்று என்பதை எதிர்ப்பாளரும் மறுக்க முடியாது. மலேசியாவில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனர் சமூகம் வளர்த்த ஆட்டம். அதிலும் 2009-இல் ஆசியான் லீக்கில் கோலாலம்பூர் டிராகன்ஸ் என்று தொடங்கிய அணி, பின்னர் துறைமுக நிறுவனமான வெஸ்ட்போர்ட்ஸின் பெயரை முன்னே சேர்த்து, நகரத்தை நாடாக்கி, 'வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ்' ஆகி 2016-இல் பட்டம் வென்றது. டிராகன் மட்டும் மாறவில்லை.

தோட்டத்திலிருந்து வந்தவரின் பார்வை

மலாக்காத் தமிழர் இந்த வழக்கைப் பார்க்கும் பார்வைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. நம் தோட்டங்களின் உடைமைப் பெயர்கள் நம்மைக் கேட்காமலே மாறின. 1981-இல் கத்ரி நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் மலேசியர் கைக்கு வந்தது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2024-இல் சைம் டார்பி பிளாண்டேஷன் 'எஸ்டி கத்ரி' என்று பெயர் மாறி, பழைய பெயர் திரும்பி வந்தது. பலகையில் எழுத்து மாறியபோதும் அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தோட்டம் அதே தோட்டம். கோயிலும் பள்ளியும் திடலும்தான் அதன் அடையாளம்.

அந்தத் திடலில் ஒரு காற்பந்து அணி இருக்கும். பால்மரம் வெட்டி, பால் எடுத்து, வீடு திரும்பியவர்கள் மாலையில் ஆடுவார்கள். கோயில் திருவிழாவை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் தோட்டங்களுக்கிடையே போட்டி நடக்கும். அணியின் பெயர் தோட்டத்தின் பெயர்தான். வேறு பெயரே தேவைப்படவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் போயின. திடலில் ஆட ஆளில்லாமல் அணியும் கலைந்தது. பல இடங்களில் அந்தப் பெயர் இப்போது தமிழ்ப்பள்ளியின் பலகையில் மட்டும் இருக்கிறது. கெமுனிங், டைமண்ட் ஜூபிலி, ஜாசின் லாலாங் என்ற பெயர்களைக் கேட்டால் அங்கே பிறந்தவர் முகம் மலர்வதை எவரும் பார்த்திருக்கலாம். முன்னாள் தோட்டவாசிகள் ஒன்றுகூடும்போது பழைய பெயரைச் சட்டையில் அச்சிட்டு ஆடுவது அந்தப் பற்றினால்தான்.

ஆகவே பெயருக்காகப் பேசுவது பழமைப் பிடிப்பு என்று சொல்வோரின் கூற்றை நான் ஏற்கவில்லை. இடத்தை இழந்தவர்களுக்குப் பெயர் ஒன்றே கையில் மிஞ்சிய சொத்து. மிஃபாவின் பெயர் போனபோது நம்மில் பலருக்கு வலித்ததற்கும், மலாக்கா பட்டியலிலிருந்து மறைந்த ஆண்டுகள் கசந்ததற்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

உரிமையாளரின் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பணம் போடுபவர் அவர். நட்டம் வந்தால் அவர் தலையில். அரங்கம் பாதி காலியாக இருக்கும்போது, வராத ரசிகரின் உணர்ச்சிக்காக வரக்கூடிய விளம்பரதாரரை இழக்கச் சொல்வது எப்படி? இந்தக் கேள்வி கனமானது. நம் சங்கங்களில் பெயருக்காகச் சண்டையிடுவோரில் எத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்பதையும் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெயரை விற்காமலே விளம்பரம் வாங்க வழிகள் உண்டு. சட்டையின் மார்பிலும், அரங்கின் வேலியிலும், பயிற்சித் தளத்தின் வாயிலிலும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். ஜெர்மனியில் கழகத்தின் பெயரில் நிறுவனப் பெயர் சேர்க்க விதி இடம் தராததால், 2009-இல் ரெட் புல் நிறுவனம் லைப்சிக்கில் தொடங்கிய அணிக்கு 'ராசன்பால்ஸ்போர்ட்' என்ற பெயரைச் சூட்ட வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 2005-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கழகத்தை வாங்கிப் பெயரையும் நிறத்தையும் மாற்றியபோது, பழைய ரசிகர்கள் பிரிந்துபோய்ப் பழைய பெயரில் தங்கள் கழகத்தை அடிமட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 'ஹல் டைகர்ஸ்' என்று மாற்ற ஹல் சிட்டியின் உரிமையாளர் கேட்டபோது 2014-இல் காற்பந்துச் சங்கம் மறுத்தது. அங்கே 2025-இல் இயற்றிய காற்பந்து நிர்வாகச் சட்டம் சின்னத்துக்கும் வண்ணத்துக்கும் ரசிகரின் பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கியது. உரிமையாளரின் பணத்துக்கும் ரசிகரின் உரிமைக்கும் இடையே நடுவழி இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

முடிவாக: நாம் கேட்க வேண்டியவை

இத்தனை வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ரசிகரின் தீர்ப்பு எப்போதும் மூன்று கேள்விகளில் நிற்கிறது. ஊரின் பெயர் காக்கப்பட்டதா? எங்களைக் கேட்டார்களா? பழைய பெயரின் கடனும் பெருமையும் நேர்மையாகக் கைமாறினவா? மூன்றுக்கும் ஆம் என்றால் எந்த மாற்றமும் நிலைக்கிறது. ஒன்றுக்கு இல்லை என்றாலும் கோப்பை வந்தால்கூடக் கசப்பு தங்குகிறது.

மலேசியாவில் இதை விதியாக்க வேண்டும். தொழில்முறைக் கழகம் பெயரையோ சின்னத்தையோ மாற்றும் முன், பதிவு பெற்ற ஆதரவாளர்களின் வாக்கைப் பெற வேண்டும். ஒரு மாநிலத்தின் பெயரில் புதிய கழகம் எழும்போது, அதே பெயரில் முன்பு ஆடியவர்களின் ஊதிய நிலுவை என்ன ஆனது என்ற அறிக்கை உரிம விண்ணப்பத்தோடு வர வேண்டும். பழைய பட்டங்களும் பதிவுகளும் எந்தக் கழகத்துக்கு உரியவை என்பதை லீக் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அணியை இழந்த ஊருக்கே அந்த அணியின் பெயரைக் காத்து வைக்கும் சியாட்டில் முறை இங்கும் வர வேண்டும்.

நம் சமூகத்துக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. உச்ச லீக்கில் ஆடும் கழகம் ஊரின் பெயரைத் தாங்கட்டும். அது எல்லார்க்கும் பொது. ஆனால் இளையோர் பயிற்சிக் கழகங்களும் தமிழ்ப்பள்ளி அணிகளும் நம் பெயர்களைத் தாங்கலாம். மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரிலேயே தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களில் மாவட்ட அளவில் ஆண்டுதோறும் ஒரு காற்பந்துப் போட்டி நடத்தினால், கலைந்துபோன தோட்டங்களின் பெயர்கள் பிள்ளைகளின் கால்களில் மீண்டும் ஓடும். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நாளை ஹங் ஜெபாட் அரங்கில் மலாக்காவுக்காக இறங்கும்போது, அணியின் பெயருக்குப் பின்னால் எஃப்சி இருக்கிறதா யுனைடெட் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அவனுக்குரிய சம்பளம் மாதம் பிறந்ததும் வருகிறதா என்று நாம் முதலில் கேட்போம். தன் ஆட்டக்காரருக்கு நேர்மையாக இருக்கும் அணியின் பெயரைத்தான் ரசிகர் தலைமுறை தாண்டித் தூக்கிச் செல்வார்.